குச்சி துளிர்க்கிறது, வேர் விடுவதில்லை: எங்கே தவறுகிறோம்?

செம்பருத்திக் குச்சியும் காகிதப்பூக் குச்சியும் ஒரே நாளில், ஒரே மண்ணில் நடப்படுகின்றன. ஒன்று செடியாகிவிடுகிறது, மற்றொன்று கருகிப்போகிறது. உடனே ‘எனக்குக் கைராசி இல்லை’ என்கிறோம். கைராசிக்கு இதில் அதிக வேலையில்லை. எந்தச் செடி, அதன் எந்தக் கிளை என்பதிலேயே பாதிக்குமேல் முடிவாகிவிடுகிறது.

வில்லோ, பாப்லர் போன்ற மரங்களின் தண்டுக்குள் வேர் முளைகள் முன்பே உருவாகி உறங்கிக்கொண்டிருக்கும். ஈரம் பட்டால் போதும், வெளியே வந்துவிடும். மற்றப் பல செடிகளில் அப்படி எதுவும் இருப்பதில்லை. வெட்டுப்பட்ட பிறகே தண்டுக்குள் இருக்கும் செல்கள் தம் பழைய வேலையை விட்டுவிட்டு வேராக மாறத் தொடங்க வேண்டும். துளிர் மொட்டிலும் இளம் இலையிலும் உருவாகி அடிநோக்கி இறங்கும் ஆக்சின் என்ற ஹார்மோன்தான் அதைத் தூண்டுகிறது. தண்டு முற்ற முற்ற, அந்தத் தூண்டலுக்குச் செல்கள் மசிவதில்லை.

ஆகவே, வயதான செடியின் உச்சிக் கிளையை ஒடித்து நடுவதுதான் முதல் தவறு. ஐவி கொடியைப் பாருங்கள். படரும் பருவத்தில் அதன் தண்டு எளிதில் வேர் விடும். முதிர்ந்து பூக்கும் பருவத்துத் தண்டு வேர் விட அடம்பிடிக்கும். கொடி ஒன்றுதான், பருவம்தான் வேறு. தாய்ச்செடியைக் கவாத்து செய்து, அடிப்பகுதியிலிருந்து கிளம்பும் புதுக் கிளையை எடுப்பது இதனால்தான் நல்லது. நுனி பச்சையாக வளைய வேண்டும். அடி விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். பூவும் பூமொட்டும் உள்ள கிளை வேண்டாம், சேமித்த உணவெல்லாம் பூவுக்கே போய்விடும்.

துளிரைப் பார்த்து மகிழ்வது அடுத்த தவறு. நானும் ஏமாந்திருக்கிறேன். ரோஜாக் குச்சி ஒன்று நான்கு இலை விட்டதும், வேர் பிடித்துவிட்டதென்று வெயிலில் வைத்தேன். மறுநாளே துவண்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் ஒன்றுகூட இல்லை. வெட்டிய இடத்தில் காலிஃபிளவர் பூப்போல வெளிறிய கட்டி மட்டும் இருந்தது. அது காயத்தை மூடும் திசு. வேர் அதன்பின் வரலாம், வராமலும் போகலாம். இலைகளோ தண்டில் இருந்த சேமிப்பைச் செலவழித்து வந்தவை.

இலைகளை என்ன செய்வது என்பதிலும் குழப்பம் உண்டு. எல்லாவற்றையும் உருவிவிட்டால் இளந்தண்டுக்கு உணவும் ஆக்சினும் கிடைக்காது. எல்லாவற்றையும் விட்டுவைத்தால் வேரில்லாத குச்சி நீரிழந்து வாடும். மேலே இரண்டு மூன்று இலை போதும், பெரிய இலையென்றால் பாதியாக நறுக்கிவிடலாம். இலையே இல்லாத குச்சியென்றால் தலைகீழாக நட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. அடியைச் சாய்வாகவும் மேலே நேராகவும் வெட்டினால் தடுமாற்றம் இராது.

வேர் ஊக்கிப் பொடியை அப்பிவைப்பவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அதில் இருப்பது ஆக்சின் வகையைச் சேர்ந்த இண்டோல் பியூட்டிரிக் அமிலம். பொடியில் அந்த அமிலம் இளந்தண்டுக்கு 0.1 சதவீதம், ஓரளவு முற்றியதற்கு 0.3, கட்டைபோல் முற்றியதற்கு 0.8 என்பது பொதுவான அளவு. மிஞ்சினால் அடி கறுத்துப் போகும்.

தண்ணீர்தான் பெரும்பாலான குச்சிகளைக் கொல்கிறது. வேர் உருவாகக் காற்று வேண்டும். சொதசொதவென்ற மண்ணில் அது இருக்காது. ஈரம் இலையைச் சுற்றித்தான் அதிகம் தேவை. மணல் கலந்த தென்னைநார்க் கழிவில் நட்டு, நிழலில் வைத்து, மேலே பிளாஸ்டிக் உறை கவிழ்த்தால் போதும்.

இத்தனைக்கும் மசியாத செடிக்கு விண்பதியம் இருக்கிறது. கிளையில் ஒரு வளையம் பட்டையை உரித்து, ஈரமான பாசியால் மூடிக் கட்டிவிட வேண்டும். கீழே இறங்கும் உணவும் ஆக்சினும் உரித்த இடத்துக்கு மேலே தேங்கும். தண்ணீரைத் தாய்ச்செடி கொடுத்துக்கொண்டே இருக்கும். வேர் கண்ணில் பட்ட பிறகு வெட்டி எடுக்கலாம்.