சதுப்பு நிலத்தில் அடுக்குமாடி: எதிர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி அடுக்குமாடி வரப்போகிறது என்ற செய்தி கிடைத்ததும் சுவரொட்டி, கையெழுத்து இயக்கம், மறியல் என்று ஊர் திரள்கிறது. கோபம் நியாயமானது. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் இங்கே தங்கித்தான் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைகிறது. அந்த இடத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கினால், தண்ணீர் அக்கம்பக்கத்து வீடுகளுக்குள்தான் புகும். இவ்வளவு வலுவான வழக்கும் காலதாமதத்தால் கைநழுவிப் போகிறது.

பெரிய தவறு, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்காகக் காத்திருப்பது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள கட்டடத் திட்டங்கள் முன் அனுமதி பெற வேண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பிலிருந்து அதே அறிவிக்கை விலக்கு அளித்துவிட்டது. உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். விண்ணப்பம் சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் ஏறும். மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு அதைப் பரிசீலிக்கும் முன்பே உங்கள் ஆட்சேபம் எழுத்தில் போய்ச் சேர வேண்டும்.

அந்தக் கடிதத்தில் "இயற்கையை அழிக்காதீர்கள்" என்று மட்டும் எழுதினால் கோப்பில் கிடக்கும். அருகிலுள்ள நீர்நிலை எவ்வளவு தூரம் என்று விண்ணப்பதாரர் காட்டியிருப்பதை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். சர்வே எண்ணைக் குறிப்பிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை உங்கள் மதில் சுவரில் விட்டுச்சென்ற நீர்க்கறை இன்னும் தெரிந்தால், அதன்மேல் அளவுநாடாவை நிறுத்திப் படமெடுத்து இணையுங்கள். நூறு பேர் ஒரே நகலில் கையெழுத்திடுவதைவிட இப்படிப் பத்துக் கடிதங்கள் மேல்.

"இது பட்டா நிலம்" என்றதும் வாயடைத்துப் போவது அடுத்த தவறு. பட்டா உரிமையைக் காட்டும். கட்டும் அனுமதியைத் தராது. "வனத்துறை நிலம் இல்லையே" என்பதும் முழுப் பதில் ஆகாது. 2022 ஏப்ரலில் ராம்சர் தலமான (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்ந்த) பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். வனத்துறையின் காப்புக்காடு அதைவிடச் சிறியது. ராம்சர் ஈரநிலங்களை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதை 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் தடுக்கின்றன. ஆகவே உண்மையான சண்டை எல்லைக்கோடு எங்கே என்பதில்தான். 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ஆய்வு முடியும்வரை ராம்சர் பகுதியிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டட அனுமதி தரக்கூடாது என்று உத்தரவிட்டதும் இதனால்தான்.

இதே மனுவை உங்கள் ஊர் ஏரிக்கு அப்படியே நகலெடுக்காதீர்கள். பாசனத்துக்காக வெட்டிய ஏரிகள் அந்த 2017 விதிகளுக்குள் வராது. அவற்றுக்கு 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது.

வீடு வாங்க முன்பணம் கட்டியவர்களைத் திட்டுவது எனக்குப் பொறுக்காத தவறு. வீட்டுக்கடன் தவணையோடு வெள்ளத்தையும் சுமக்கப் போகிறவர்கள் அவர்கள். ஆவணங்களை அவர்களிடமும் காட்டுங்கள். மனுவில் அவர்களும் சேரட்டும்.

கடைசியாக, கெடு. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் வரை தரலாம்; அதற்குப் பின் கதவு மூடிவிடும். அனுமதி கிடைத்த செய்தியை நிறுவனம் உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும். அந்தப் பக்கத்தை யாராவது ஒருவர் தினமும் பார்க்க வேண்டும். யார் என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள்.