பழைய பிளேட்டில் பாடியவர் யார்? தேடிப் பிடிக்கும் வழி

தர்மபுரி மாவட்டம் பென்னாகரத்தில் எங்களுடையது மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து என்று ஓடி ஓய்ந்த சினிமா ரெக்கார்டுகள் பரணில் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே எப்போதாவது ஒரு நாடகப் பாட்டு பிளேட், அதாவது பழைய கிராமபோன் தட்டு, அகப்படும். லேபிளில் பெயர் பாதி உரிந்திருக்கும். கூகுளில் தேடினால் ஒன்றும் வராது. அந்த மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து "யாருண்ணா இது?" என்று கேட்பவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தட்டைக் காப்பாற்றுங்கள். நிமிடத்துக்கு 78 சுற்றில் ஓடும் பழைய தட்டு அரக்கில் செய்தது. கீழே விழுந்தால் உடையும். ஸ்பிரிட், சானிடைசர் பட்டால் கரையும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய துணியால், பாட்டு பதிந்திருக்கும் வரிப்பள்ளம் போகும் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். லேபிள் நனையக் கூடாது.

சாவி கொடுக்கும் கிராமபோனில் போட்டுக் கேட்க ஆசை வரும். இருப்பது ஒரே பிரதி என்றால் வேண்டாம். ஊசியைப் பிடித்திருக்கும் அந்தக் கனத்த சவுண்டு பாக்ஸும் எஃகு ஊசியும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுரண்டிவிடும். கரண்டில் ஓடும் டர்ன்டேபிளில் ஒரு முறை ஓட்டிப் பதிவு செய்துவிட்டால் போதும். பின்னால் வந்த எல்பி தட்டுக்கான ஊசி ஆகாது. அது மெலிது, வரியின் அடியில் இறங்கி அழுக்கைத்தான் படிக்கும். 78க்கு 3 மில், அதாவது சுமார் 75 மைக்ரான் ஊசி கேட்டு வாங்குங்கள். டர்ன்டேபிளில் 78 வேகமே இல்லையா? 45இல் ஓட்டிப் பதிந்து ஆடாசிட்டி என்ற கம்ப்யூட்டர் மென்பொருளில் 78க்கு மாற்றிக்கொள்ளலாம். இரைச்சலை நீக்குவதெல்லாம் நகலில் செய்யுங்கள்; முதல் கோப்பில் கை வைக்காதீர்கள்.

அப்புறம் டார்ச்சை எடுங்கள். லேபிளைச் சுற்றி வழவழவென்று ஒரு வளையம் இருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் அதில் பொறித்த எண் தெரியும். லேபிளில் அச்சிட்ட எண் கடைக்காரர் ஆர்டர் போடுவதற்கு. வளையத்தில் இருப்பது பதிவு செய்தபோது விழுந்த எண். ஒரே அமர்வில் எடுத்த பாட்டுகளுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்கள்தான். அதனால் தட்டுப் பட்டியல்களில் முன்னும் பின்னும் உள்ள எண்களில் யார் பாடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே நாடக செட்டாக, அதாவது ஒரே குழுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. லேபிள் அழிந்த தட்டுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இனி காது கொடுத்துக் கேளுங்கள், கடைசி வரைக்கும். 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனி பதிவு தொடங்கிய காலத்தில் பாடகரே முடிவில் தன் பெயரைச் சொல்வார். அந்தக் காலப் பாடகி கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் பெயர் சொல்லி முடிப்பது பிரசித்தம். ஒருபக்கம் மட்டும் பாட்டு இருந்து மறுபக்கம் மொட்டையாக இருந்தால் அந்த ஆரம்ப காலத்தைச் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெயர் வரவில்லையா? ஊர்ப் பெயர் வருகிறதா பாருங்கள். இது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டு ரசிகர்களிடம் நான் கற்ற வித்தை. மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற பாடகர் 1928இல் ஓகே (Okeh) என்ற ரெக்கார்டு கம்பெனிக்குப் பாடிவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். தட்டுகள் சரியாக விற்கவில்லை, ஆளையும் மறந்துவிட்டார்கள். ஆனால் ஒரு பாட்டில் அவலான் என் சொந்த ஊர் என்று பாடியிருந்தார். 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற ரசிகர் அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு அவலானுக்கே போனார். மனிதர் அங்கேயே இருந்தார்! அதே வருடம் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையிலும் ஏறிவிட்டார். புக்கா ஒயிட் என்ற இன்னொரு ப்ளூஸ் பாடகரின் கதை இன்னும் வேடிக்கை. பாட்டில் வந்த அபெர்டீன் ஊரின் தபால் நிலையத்துக்கு 'பழைய ப்ளூஸ் பாடகர்' என்று குறிப்பிட்டு ஒரு கடிதம் போட்டார்கள். அது கைமாறி மெம்பிஸில் இருந்தவரிடம் போய்ச் சேர்ந்தது.

நம் ஆட்களுக்கு ஊர் பெரும்பாலும் இனிஷியலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். எஸ்.ஜி. கிட்டப்பாவின் எஸ் செங்கோட்டை, கே.பி. சுந்தராம்பாளின் கே கொடுமுடி. உங்கள் தட்டில் 'டி' இருந்தால் தர்மபுரி என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். திண்டுக்கல்லும் தாராபுரமும் இருக்கின்றன. இன்னொன்று, தர்மபுரி மாவட்டம் 1965இல்தான் பிறந்தது, கிருஷ்ணகிரி 2004இல். பழைய நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகங்களில் எல்லாமே சேலம் ஜில்லாதான். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தேடும்போதும் அப்படியே தேடுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர் என்று தோன்றினால் தெலுங்கு, கன்னடத் தட்டுப் பட்டியல்களையும் விடாதீர்கள்.

காகிதம் கைவிட்டால் மனிதர்கள். கோடையில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது வாத்தியாரைப் போய்ப் பாருங்கள். காலையில் போகாதீர்கள், விடிய விடிய ஆடிவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார்கள். மூன்று மணிக்கு மேல் டீ வாங்கிக்கொண்டு போங்கள். லேபிள் படத்தைக் காட்டிப் பெயர் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். பெயரை விட்டுவிட்டுப் பாட்டைப் போடுங்கள், இயர்போனில் இல்லை, சின்ன ஸ்பீக்கரில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி. "இது எந்த செட்டுப் பாட்டு?" என்று கேளுங்கள். "இந்த மெட்டுல எங்க மாமா பாடுவாரே" என்று ஒருவர் ஆரம்பிப்பார். பேச விடுங்கள், குறுக்கே பெயரை எடுத்துக் கொடுக்காதீர்கள். நீங்கள் சொன்ன பெயரையே அவர்களும் மரியாதைக்காகத் திருப்பிச் சொல்லிவிடுவார்கள். இரண்டு ஊரில், ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னால்தான் நான் நோட்டில் பேனாவால் எழுதுவேன். அதுவரை பென்சில்.

குடும்பம் கிடைத்துவிட்டால் தட்டோடு போகாதீர்கள், பென் டிரைவோடு போங்கள். பாட்டு அவர்களுக்கே முதலில் போய்ச் சேரட்டும். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கான காப்புரிமை வெளியான வருடத்துக்குப் பிறகு 60 ஆண்டுகள். பாட்டெழுதியவரின் உரிமைக்கு வேறு கணக்கு. அதனால் யூடியூபில் ஏற்றும் முன் இரண்டையும் பாருங்கள். ஏற்றும்போது லேபிள் எண், பொறித்த எண் இரண்டையும் தலைப்பிலேயே போடுங்கள். அடுத்த எண் தட்டு வைத்திருப்பவர் அதை வைத்துத்தான் உங்களைத் தேடி வருவார்.