பழமையான இடங்களுக்காக மனுக் கொடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் மாவட்டத்தின் பழைய கட்டடங்களையும், பழங்காலக் கல்லறைகளான கற்திட்டைகளையும் காக்க இளைஞர்கள் பலர் முன்வருவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அவர்கள் காட்டும் மனுக்களில், முன்பு பல இடங்களை நாம் இழக்கக் காரணமாக இருந்த பிழைகளே மீண்டும் தென்படுகின்றன. முகவரிப் பிழை, கையொப்பம் விடுபடுதல் போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை.

பரிந்துரையை ஆணையென்று நம்புவது

இன்றும் என்னைச் சினங்கொள்ளச் செய்யும் தவறு இதுதான். பழமையான இடங்களைப் பார்வையிடும் ஆலோசனைக் குழு அரசுக்குக் கருத்துரைக்கும், அவ்வளவே. ஓர் இடத்துக்குச் சட்டப் பாதுகாப்பைத் தருவது அரசிதழில் வெளியாகும் அறிவிக்கை. தொல்சின்னங்களைக் காக்கும் 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி, அரசு தன் நோக்கத்தை முதலில் அறிவித்து, ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு மாதம் அளித்து, அதன் பிறகே இறுதி அறிவிக்கையை வெளியிட முடியும்.

ஏற்காட்டில் தோட்டத்துரைமார் காலத்துப் பங்களா ஒன்றைக் குழுவினர் நேரில் பார்த்து, காக்கத் தக்கது என்று எழுதியும் கொடுத்தார்கள். கோரியவர்கள் அத்துடன் வேலை முடிந்ததென்று கலைந்துவிட்டார்கள். அந்தக் கடிதம் எந்தத் துறைக்குப் போனது, அதற்குக் கோப்பு எண் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. உரிமையாளர் இடிக்கத் தொடங்கியபோது ஓடிவந்தவர்களிடம், தடுப்பதற்கான அறிவிக்கை எங்கே என்று அலுவலர் கேட்டார். காட்ட எதுவும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கோப்பின் நிலையைக் கேட்டிருந்தால் முப்பது நாளில் உண்மை தெரிந்திருக்கும். தேக்கு உத்தரங்கள் லாரியில் ஏறிய பிறகு எந்தக் குழுவாலும் அவற்றைத் திரும்பப் பொருத்த இயலாது.

எல்லா மனுவையும் ஒரே அலுவலகத்துக்கு அனுப்புவது

சங்ககிரிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலை நிர்வகிப்பது இந்து சமய அறநிலையத் துறை. மாநிலத் தொல்லியல் துறை காக்கும் சின்னங்களுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே உண்டு.

மலைப்பகுதிக் கட்டுப்பாட்டை நம்பியிருப்பது

ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளில் கட்டடம் கட்டுவதற்கு உள்ள கட்டுப்பாடு, மலைச்சரிவையும் இயற்கைச் சூழலையும் கருதி ஏற்பட்டது. பங்களாவின் பழமையைக் கருதி அன்று.

புல எண் இல்லாத மனு

அனுப்பாதீர்கள்.

சுற்றுப்புறத்தாரிடம் பேசாமல் இருப்பது

மத்திய அரசு காக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை உண்டு. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். அங்கே வீடு வைத்திருப்பவர் இதை முதலில் உங்கள் வாயால் கேட்க வேண்டும். பழுதுபார்ப்புக்கு அனுமதி கோர வழியுண்டு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அந்த இரண்டு மாதத்தில் வரும் முதல் ஆட்சேபம் அவருடையதாகவே இருக்கும்.