இறக்கையில் பிளாஸ்மா: டேப் செய்த வேலையைப் பிளாஸ்மா கணக்கில் எழுதாதீர்கள்

போன வாரம் புதுச்சேரியில் ஒரு கல்லூரி விண்ட் டனலில் (செயற்கைக் காற்றோட்டத்தில் வைத்துச் சோதிக்கும் கூண்டு), கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் மாணவர்கள், சோதனைக்கான சின்ன இறக்கைமேல் பிளாஸ்மாவை, அதாவது மின்சாரத்தால் அயனியான காற்றை, எரித்துப் பார்க்கச் செப்பு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நான் செய்த அதே பிழைகள், அதே வரிசையில். உயர் மின்னழுத்தத்தைத் தொடக்கூடாது என்பதெல்லாம் தெரிந்த விஷயம், விடுங்கள்.

டேப்பை மறப்பது

மேலே ஒரு செப்பு டேப் மின்வாய், காப்டான் (மின்காப்பு பிளாஸ்டிக் படலம்) அடுக்குக்கு அடியில் இன்னொன்று, நடுவே சில ஆயிரம் வோல்ட் மாறுதிசை மின்னழுத்தம். விளிம்பில் ஊதா ஒளி எரியும். அயனிகள் காற்றைத் தள்ள, மேற்பரப்பை ஒட்டி நொடிக்குச் சில மீட்டர் வேகத்தில் மெல்லிய ஓட்டம் பிறக்கும். இறக்கையை விட்டுப் பிரியப்போகும் காற்றை அது பிடித்து வைக்கும்.

ஆனால் ஒட்டிய டேப்பின் விளிம்பே மேற்பரப்பில் ஒரு சின்னப் படி. முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புவரை 15 செ.மீ. உள்ள இறக்கை, நொடிக்கு 10 மீட்டர் காற்று என்றால் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீராக இருக்குமா, கொந்தளிக்குமா என்று காட்டும் எண்) சுமார் 1 லட்சம். அந்த நிலையில் மயிரிழைப் படிகூட சீரான ஓட்டத்தைக் கொந்தளிக்க வைக்கலாம். கொந்தளித்த ஓட்டம் எளிதில் பிரியாது. வெற்று இறக்கையோடு ஒப்பிட்டு, தூக்குவிசை கூடியதெல்லாம் பிளாஸ்மாவால் என்று நான் 2 மாதம் வரைபடம் போட்டேன். ஒருநாள் சப்ளை பழுதாகி பிளாஸ்மா எரியவே இல்லை. தூக்குவிசை மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது! அத்தனை அளவீடும் வீண். இன்றும் யாராவது வெற்று இறக்கையை மட்டும் அளந்துவிட்டு வந்தால் எனக்குக் கோபம் வரும்.

மூன்று அளவீடு வேண்டும்: வெற்று இறக்கை, டேப் ஒட்டி அணைத்தது, டேப் ஒட்டி எரிந்தது. கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிளாஸ்மாவுடையது. அதையும் டனலை நிறுத்தாமல் ஒரே சோதனையில் மாற்றி மாற்றி அணைத்து, எரித்து எடுங்கள்.

குமிழ்

டேப்புக்கு அடியில் காற்று சிக்கினால் குமிழுக்குள்ளேயே மின்னிறக்கம் நடந்து காப்பு பொத்தலாகும். பழைய ஏடிஎம் கார்டால் அழுத்தித் தேய்த்து ஒட்டுங்கள்.

உலோகப் பிட்டோ குழாய்

காற்றின் வேகத்தை அளக்கும் குழாய் இது. உலோகத்தில் வேண்டாம், பொறி பாயும். கண்ணாடிக் குழாய்.

ஓசோன்

பிளாஸ்மா எரியும்போது உண்டாகும் நச்சு வாயு. மூக்கில் ஏறினால் நிறுத்துங்கள்.

ஈரப்பதம்

நம் கடற்கரையில் இது சின்ன விஷயம் இல்லை. ஈரம் மாறினால் பிளாஸ்மாவின் தள்ளுவிசையும் மாறும். ஒவ்வொரு அளவீட்டுக்குப் பக்கத்திலும் ஈரப்பதத்தை எழுதுங்கள். ஐப்பசி மழையில் எடுத்ததையும் பங்குனி வெயிலில் எடுத்ததையும் ஒரே கோட்டில் சேர்க்காதீர்கள்.