ஊருக்குக் காலிப் பெட்டி கொண்டு போகும் முறை

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்து வீட்டில், பரணில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கி வைத்து, “நான் இருக்கும்போதே எடுத்துக்கிட்டுப் போயிரு ஆத்தா” என்று சொல்ல ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. வெண்கலப் பானை, உருளி, பித்தளைத் தாம்பாளம், குத்துவிளக்கு என்று எல்லாம் கனமான சாமான்கள். நான் இருப்பது சிங்கப்பூரில், யீசூனில். அதனால் திருச்சிக்கு விமானம் ஏறும்போதெல்லாம் காலிப் பெட்டியோடுதான் போகிறேன். இதுவரை ஐந்து தடவை போய்விட்டேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் வாய்வழியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது, காலிப் பெட்டியைச் செக்-இன் பண்ண விடுவார்களா என்பதுதான். விடுவார்கள். உள்ளே சாமான் இருந்தாக வேண்டும் என்று எந்தக் கவுன்டரிலும் என்னிடம் சொன்னதில்லை. எடையும் அளவும் உங்கள் டிக்கெட்டுக்கு உட்பட்டிருந்தால் போதும். முதல் தடவை கவுன்டரில் இருந்த தமிழ்ப் பெண், தராசில் 4.6 கிலோ காட்டியதைப் பார்த்துவிட்டு, “அக்கா, உள்ள ஒண்ணுமே இல்லையா?” என்றாள். “அம்மா வீட்டுப் பாத்திரம் எடுத்துட்டு வரப் போறேன்மா” என்றேன். சிரித்துக்கொண்டே சீட்டை ஒட்டி அனுப்பிவிட்டாள். கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எடை குறைந்த பெட்டி பெல்ட்டில் புரளும், வளைவில் சிக்கும். அதனால் சில நேரம் ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்து அனுப்புவார்கள். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

டிக்கெட் போடுவதற்கு முன்பே ஒன்றைப் பார்த்துவிடுங்கள். உங்களுக்குக் கொடுத்திருப்பது மொத்த எடையா, பெட்டிக் கணக்கா? மொத்தம் இத்தனை கிலோ என்றால் காலிப் பெட்டியின் சொந்த எடை மட்டும்தான் கழியும். இத்தனை பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ என்கிற கணக்கென்றால், காலியாக இருந்தாலும் ஒரு பெட்டிக்கு உண்டான இடம் போய்விடும். உள்நாட்டு விமானத்தில் ஒருவருக்கு ஒரே பெட்டி என்று வைத்திருப்பவர்களும் உண்டு. அங்கே இரண்டாவது பெட்டி எவ்வளவு லேசாக இருந்தாலும் தனிக்காசு கேட்பார்கள். சென்னையில் இறங்கி மதுரைக்கு வேறு டிக்கெட்டில் மாறுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பட்ஜெட் விமானம் என்றால் போகும் வழிக்கும் வரும் வழிக்கும் எடையைத் தனித்தனியாக வாங்க முடியும். போகும்போது குறைவாகவும் வரும்போது கூடுதலாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் வீட்டிலிருந்தே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். கவுன்டரில் போய்க் கேட்டால் விலை வேறு.

அடுத்து, பெட்டி யாருடையது என்பது. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: உங்களுடைய பெட்டியாக மட்டும் இருக்கட்டும். “காலிப் பெட்டிதானே, என் தம்பிகிட்ட சேத்துடுங்க” என்று யார் கொடுத்தாலும், எவ்வளவு வேண்டியவர்களாக இருந்தாலும் வாங்காதீர்கள். துணி உறைக்கு அடியில், கைப்பிடிக் குழாயில், ஓரத்து ரப்பரில், சக்கரத்துக்குள் எதையும் மறைத்துத் தைத்துவிட முடியும். தங்கத்தைப் பெட்டியின் பாகம் போலவே செய்து கொண்டு வந்து பிடிபட்டவர்கள் உண்டு. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயினோ 500 கிராமுக்கு மேல் கஞ்சாவோ கடத்தினால் மரண தண்டனை வரை போகும். பெட்டி யார் கையில் இருக்கிறதோ, உள்ளே இருப்பது அவருக்குத் தெரியும் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிக்க வேண்டியது அவர் பாடு. சாமான் இருக்கும் பெட்டியையாவது பிரித்துப் பார்க்கத் தோன்றும். காலிப் பெட்டியில் யாருக்கும் சந்தேகம் வராது என்பதுதான் அதில் உள்ள ஆபத்து. ஊரில் சொந்தக்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இனிப் பெட்டியைத் தயார் செய்வது. எங்கள் வீட்டில் பெட்டிகள் பாம் ஷெல்டரில், அதாவது சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டு பாதுகாப்பு அறையில், கிடக்கும். இந்த ஊர் ஈரத்துக்கு ஆறு மாதம் மூடி வைத்தால் உள்துணியில் பூஞ்சணம் பிடித்துவிடும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே எடுத்து, ஜிப்பைத் திறந்து ஜன்னலோரம் வெயிலில் வையுங்கள். அந்துருண்டை போடாதீர்கள். திரும்பும்போது அம்மா இடித்துக் கொடுக்கிற சாம்பார் பொடியில் அந்த வாசம் ஏறிவிடும். பிறகு எல்லா அறைகளிலும் கைவிட்டுத் துழாவுங்கள். பழைய பவர் பேங்க் கிடந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், செக்-இன் பெட்டியில் அது இருக்கக் கூடாது. பேட்டரி வைத்த ஸ்மார்ட் பெட்டி என்றால் பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் வைக்க வேண்டும். கழற்ற வராத மாடலை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கைப்பிடியில் தொங்கும் பழைய சீட்டையும், பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன பார்கோடு துண்டுகளையும் நகத்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். அவற்றை இயந்திரம் படித்தால் பெட்டி வேறு பக்கம் போய்விடக் கூடும்.

இரண்டு பெட்டி வேண்டுமென்றால் அடுக்குச் சம்படம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று. 28 அங்குலப் பெட்டிக்குள் 24 அங்குலம் போகும். ஆனால் கடையில் சொல்லும் அளவை நம்பாமல் வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். பெரிய பெட்டியின் அடிப்பக்கம் கைப்பிடிக் குழாய் ஓடும் இரண்டு மேடுகள் இருக்கும். சின்னப் பெட்டியின் சக்கரம் அந்த மேட்டில் ஏறி நின்றால் ஜிப் மூடாது. சின்னதைத் தலைகீழாகத் திருப்பி, சக்கரங்கள் குழாய் இல்லாத பக்கம் வரும்படி வைத்தால் அடங்கிவிடும். நடுவில் இருக்கும் தடுப்புத் துணியை முதலிலேயே அவிழ்த்துவிட வேண்டும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. என் பெரிய பெட்டி 4.6 கிலோ, சின்னது 3.4. திரும்பும்போது எனக்கு 30 கிலோ என்றால் வெறும் பெட்டிகளே 8 கிலோவை எடுத்துக்கொள்ளும். மூன்றாவது தடவையிலிருந்து சின்னப் பெட்டியை விட்டுவிட்டு, மடித்து வைக்கும் துணிப்பை ஒன்று எடுத்துப் போகிறேன். 900 கிராம்தான். மிச்சமான இரண்டரைக் கிலோவில் ஒரு தாம்பாளம் வந்து சேர்ந்தது. பித்தளை, வெண்கலத்துக்குக் கெட்டிப் பெட்டி. புடவைக்கும் பொடிக்கும் துணிப்பை. இதுதான் என் பழக்கம்.

கெட்டிப் பெட்டியை முழுக் காலியாக அனுப்பாதீர்கள். இரண்டாவது தடவை நான் அப்படித்தான் அனுப்பினேன். திருச்சியில் பெல்ட்டில் வந்தபோதே மேல்மூடி உள்வாங்கி, மூலையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட்டிருக்கிறது. உள்ளிருந்து தாங்க ஒன்றுமில்லாததால் மேலே விழுந்த பாரம் அப்படியே அமுக்கிவிட்டது. நான் அதைக் கவனித்ததே வீட்டுக்குப் போன பிறகுதான். விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் அங்கிருக்கும் பேக்கேஜ் கவுன்டரில் சொல்லி, எழுத்தில் ஒரு சீட்டு வாங்கியிருக்க வேண்டும். அதை விட்டாலும், சேதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். இந்தியாவும் சிங்கப்பூரும் சேர்ந்திருக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தம் அந்த உரிமையைக் கொடுக்கிறது. எனக்கு அது தெரியவந்தபோது ஒரு மாதம் ஓடிவிட்டது.

அதனால் இப்போது பெட்டியை நிரப்பித்தான் அனுப்புகிறேன், ஆனால் திரும்பும்போது எனக்கே வேண்டியதை வைத்து. குமிழ் பிளாஸ்டிக் சுருள், பழைய துண்டுகள் நான்கு, பிரித்துத் தட்டையாக்கிய அட்டைப்பெட்டி, செலோ டேப், கனமான ஜிப் பைகள், கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்க்கும் சின்னத் தராசு. எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோ வராது, பெட்டியும் அமுங்காது. கூடவே அக்கம்பக்கத்துக்குக் கோடாலித் தைலம் ஒரு டஜன். ஊருக்கு வெறுங்கையோடு போக முடியுமா?

வெண்கலப் பானையைக் கட்டும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் பானை 6 கிலோ 200 கிராம். கழுத்து குறுகி வயிறு பெருத்தது. பார்க்கத்தான் கெட்டி, விளிம்பில் ஓங்கி அடி விழுந்தால் வெண்கலம் நெளியாது, கீறல் விட்டுவிடும். முதலில் புளி போட்டுத் துலக்கி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் துணியெல்லாம் பச்சைக் கறை. பழைய துண்டைச் சுருட்டி வயிற்றுக்குள் திணித்து, கழுத்து வரை இறுக்கமாக நிரப்புங்கள். இன்னொரு துண்டைப் புரிமணை மாதிரி வளைத்து விளிம்பில் கட்டி, அதன் மேல் குமிழ் பிளாஸ்டிக் மூன்று சுற்று. பெட்டியில் பானையின் அடிப்பாகம் சக்கரங்கள் பக்கம் இருக்க வேண்டும். பெட்டி நிமிர்ந்து நிற்கும்போது பாரம் கீழே இறங்கும். சுற்றிலும் அட்டை, சந்துகளில் புடவைகள். மூடிவிட்டுக் குலுக்கினால் உள்ளே எதுவும் ஆடக் கூடாது.

பானைக்குள் பொடியோ அரிசியோ வைக்காதீர்கள். கனத்த உலோகத்துக்குள் இருப்பது எக்ஸ்ரேயில் தெரியாது. கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்வார்கள். என்னை ஒருமுறை கூப்பிட்டார்கள். துண்டைத்தான் உருவிக் காட்டினேன், இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

பாட்டி காலத்துச் சாமான் என்றால் இன்னொரு கவனம் வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட விளக்கு, சிலை, கலைப்பொருள் எதையும் தனியாள் இந்தியாவுக்கு வெளியே கொண்டு போக 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் இடம் கொடுக்காது. சந்தேகம் வந்தால் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் இல்லை என்று சான்றிதழ் வாங்கலாம். அம்மாவின் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களுக்கு அந்தக் கவலை இல்லை. பூஜையறையில் இருக்கும் கொள்ளுப்பாட்டியின் தூங்காமணி விளக்கை நான் தொடவில்லை. அது அங்கேயே எரியட்டும்.

சாப்பாட்டுச் சாமானில் கொப்பரை விமானத்தில் ஆகாது. எண்ணெய்ப் பசையால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்று தடுத்திருக்கிறார்கள். கசகசாவைச் சிங்கப்பூருக்குள் கொண்டு வராதீர்கள், அபின் செடியின் விதை என்பதால். எங்கள் பக்கத்து உப்புக்கண்டமும் வர முடியாது, இந்தியாவிலிருந்து இறைச்சிக்கு அனுமதி இல்லை. அண்ணி ஆசையாகக் கட்டிக் கொடுத்ததை ஒருமுறை திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால் அவர்கள் மனமும் நோகாது.

எவ்வளவு எடை வாங்கியிருந்தாலும் ஒரே பெட்டியில் 32 கிலோவைத் தாண்டாதீர்கள். தூக்குகிறவர்களின் முதுகுக்காக வைத்த வரம்பு அது. நான் 24-க்கு மேல் போவதில்லை. முந்தின நாள் ராத்திரியே கொக்கித் தராசில் தூக்கிப் பார்த்து, அரைக்கிலோ குறைத்தே வைப்பேன்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் வரிக் கணக்கு. 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தவர்களுக்கு, புதிதாக வாங்கிய சாமானில் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை ஜி.எஸ்.டி. கிடையாது, அதற்குள் திரும்பிவிட்டால் 100 வெள்ளிதான். வேலை அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் பாஸ், குடும்பத்தாருக்கான பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. மிஞ்சியதற்கு 9 விழுக்காடு. பட்டுப்புடவை எடுத்தால் ரசீதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, சுங்கச் சோதனையில் வரி கட்ட வேண்டியவர்களுக்கான சிவப்புத் தடத்தில் போய் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் துண்டுகளைத் துவைத்து, குமிழ் பிளாஸ்டிக்கைச் சுருட்டி, தராசையும் பெட்டிக்குள்ளேயே போட்டு, ஜிப்பை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். அம்மா வீட்டுப் பரணில் இன்னும் உருளி மிச்சம் இருக்கிறது. தைப்பொங்கலுக்குப் போகும்போது எடுத்து வர வேண்டும்.