வியாழனின் வழித்துணைச் சிறுகோள்களை முற்றத்தில் வரைந்து பார்ப்பது எப்படி?

வியாழன் சூரியனைச் சுற்றும் அதே பாதையில், அதற்கு முன்னே ஒரு கூட்டமும் பின்னே ஒரு கூட்டமுமாகச் சிறுகோள்கள் சுற்றுகின்றன. ட்ரோஜன்கள் என்பது அவற்றின் பெயர். புத்தகப் படத்தில் பிடிபடாதது தரையில் வரைந்தால் பிடிபடும். எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) முற்றத்தில் பிள்ளைகளோடு வரைந்த முறை இது.

வேண்டியவை: கம்பு ஒன்று, சணல் கயிறு (நைலோன் கயிறு இழுத்தால் நீளும், வேண்டாம்), அடுப்புச் சாம்பல், இரண்டு கற்கள், ஒரு பிடி அரிசிக் குருணல்.

படி 1: கம்பை நடுங்கள். அதுதான் சூரியன். கயிற்றின் ஒரு நுனியை அதில் கட்டுங்கள். கம்பிலிருந்து ஒரு சாணில் ஒரு முடிச்சு, அது பூமிக்கு. ஐந்து சாணும் இரண்டு விரல்கடையும் அளந்து இன்னொரு முடிச்சு, அது வியாழனுக்கு.

படி 2: கயிற்றை விறைப்பாகப் பிடித்துச் சுற்றி வந்து, இரண்டு முடிச்சுக்கும் சாம்பலால் வட்டம் போடுங்கள். பெரிய வட்டத்தில் ஒரு கல்லை வையுங்கள். அது வியாழன்.

படி 3: இதுதான் முக்கியமான இடம். கயிற்றைக் கம்பிலிருந்து அவிழ்த்து, அந்த நுனியை வியாழன் கல்லின் மேல் வையுங்கள். அதே நீளத்தில் வியாழன் முடிச்சை இழுத்தால், வட்டத்தை இரண்டு இடங்களில் தொடும். இரண்டிலும் குருணலைத் தூவுங்கள். அவ்வளவுதான், ட்ரோஜன்களின் இடம் கிடைத்துவிட்டது.

ஏன் அப்படி? சூரியன், வியாழன், குருணல் மூன்றுக்கும் இடையே இருப்பது ஒரே கயிற்று நீளம். சமபக்க முக்கோணம், அதனால் 60 பாகை. அங்கே ஒரு சிறு பொருள் நிலையாகச் சுற்ற முடியும் என்று கணித அறிஞர் லக்ராஞ்ச் 1772-இல் கணக்கிலேயே காட்டினார். அப்போது அங்கே எதையும் யாரும் கண்டதில்லை. 134 ஆண்டுகள் கழித்து, 1906-இல், ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் வானியலாளர் மாக்ஸ் வொல்ஃப் முதலாவதைக் கண்டார். அதன் பெயர் அக்கிலிஸ். இப்போது பத்தாயிரத்துக்கும் மேல் தெரியும். எனக்கு இன்றும் மெய்சிலிர்க்க வைக்கும் கதை இது.

குருணலை ஒரே புள்ளியில் குவிக்காதீர்கள். அவை அந்த இடத்தைச் சுற்றி மெல்ல முன்னும் பின்னும் ஆடுகின்றன, அதனால் பரவலாகவே தூவுங்கள். வியாழன் கல்லிலிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் இருப்பது முன்கூட்டம். அங்கேதான் சிறுகோள்கள் அதிகம், அதனால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள்.

படி 4: இனி வானம். சூரியனுக்கும் வியாழனுக்கும் நேர் நடுவே, சிறிய வட்டத்தில் பூமிக் கல்லை வையுங்கள். அங்கிருந்து பார்த்தால் வியாழனுக்கும் குருணலுக்கும் இடையே கோணம் 60 இல்லை, 70 பாகையளவு. இந்த நிலையில் வியாழன் நள்ளிரவில் உச்சிக்கு அருகில் வரும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி 10 பாகை. வியாழனிலிருந்து கிழக்கே ஏழு முஷ்டி எண்ணினால் முன்கூட்டம், மேற்கே ஏழு முஷ்டி எண்ணினால் பின்கூட்டம்.

பள்ளத்து லயங்களில் எதிர்மலை இரு கூட்டங்களின் இடத்தையும் மறைத்துவிடும். வியாழன் மேற்கே சாயும்வரை பொறுத்தால் கிழக்குக் கூட்டம் மலைக்கு மேலே வரும். மேல் மலைக்குப் போவதென்றால் தனியாகப் போகாதீர்கள், சிறுத்தை நடமாட்டம் உண்டு. எங்கள் மலைப்பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை மூட்டம் குறைவு.

வெறுங்கண்ணுக்கு அங்கே சிறுகோள் எதுவும் தெரியாது. அவற்றில் மிகப் பெரியதான ஹெக்டர் என்ற சிறுகோளுக்கே பெரிய தொலைநோக்கி வேண்டும்.

படி 5: மாதம் ஒருமுறை பூமிக் கல்லைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் பன்னிரண்டில் ஒரு பங்கு நகர்த்துங்கள். வியாழனை மூன்று விரல்கடைக்குச் சற்றுக் குறைவாக நகர்த்தினால் போதும். குருணலையும் அதே அளவு தள்ளுங்கள், கோழி கொத்தாமல் மிச்சம் இருந்தால்.