மண் வகைகளைக் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் 5 உலக மண் நாள். 2014 முதல் ஐ.நா. சார்பில் கொண்டாடப்படுகிறது. அந்தத் தேதி நெருங்கினால் போதும், புதிதாக வகுப்பெடுக்க வந்தவர்கள் மண்ணும் பாட்டிலும் தேடிக் கிளம்பிவிடுவார்கள். அவர்களுடைய வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைக்கிறது. இந்த வேலைக்கு வந்த புதிதில் நாங்கள் எங்கெங்கே சறுக்கினோமோ, அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

செய்தித்தாள் விரிப்பது, முடிந்ததும் கை கழுவச் சொல்வது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை யாருக்கும் தெரியாததல்ல. நாலு வயது முதல் எட்டு வயது வரை உள்ள குழந்தைகளை மனதில் வைத்தே சொல்கிறேன்.

நிறத்தை வைத்து வகை பிரிப்பது

சார்ட்டில் பசை தடவி, சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று மண்ணைத் தூவி ஒட்டினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். நிறத்துக்கும் காரணங்கள் உண்டு. சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுகளால் வருவது. இலைதழை நிறைய மட்கியிருந்தால் மண் கருக்கும். நீண்ட நாள் தண்ணீர் தேங்கிய மண் சாம்பல் நிறத்துக்குப் போகும். ஆனால் மணல், வண்டல், களி என்று நாம் பிரிப்பது துகளின் அளவை வைத்து. பரவலாகப் பயன்படும் ஒரு கணக்குப்படி 2 மில்லிமீட்டரில் இருந்து 0.05 வரை மணல், அதில் இருந்து 0.002 வரை வண்டல், அதற்கும் கீழே களி. சிவப்பில் மணலும் உண்டு, களியும் உண்டு. சார்ட்டைப் பார்த்துப் படித்த குழந்தை இரண்டையும் ஒரே மண் என்றுதான் சொல்லும்.

இதைப் பேசிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஒரே மண்ணை இரண்டு தட்டில் பிரித்துப் போட்டு, ஒன்றில் மட்டும் தண்ணீர் தெளித்துவிட்டு, பிறகு குழந்தைகளைக் கூப்பிடுங்கள். இரண்டும் வேறு வேறு மண் என்று அடித்துச் சொல்வார்கள். ஈரத் தட்டு காயும்வரை அதை அங்கேயே விட்டுவையுங்கள்.

விரலுக்கு வேலை கொடுக்காதது

புட்டியில் அடைத்து, மூடி போட்டு, பெயர் ஒட்டி வைத்த மண்ணால் ஒரு பயனும் இல்லை. மண்ணின் வகையைச் சொல்வது ஈரமும் விரலும்தான். ஒரு கைப்பிடி மண்ணில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பிசையச் சொல்லுங்கள். உருண்டையே பிடிக்க வரவில்லை, விரலில் நறநறவென்கிறது என்றால் மணல். மாவு போல வழுவழுப்பாக இருந்து, ஆனால் அதிகம் ஒட்டாமல் இருந்தால் வண்டல். விரலை விட்டுப் போக மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டால் களி. அப்புறம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்ல வெளியே தள்ளச் சொல்லுங்கள், நாடா போல நீளும். 5 சென்டிமீட்டரைத் தாண்டியும் உடையாமல் தொங்கினால் அதில் களி நிறைய இருக்கிறது. மண் ஆய்வு செய்கிறவர்கள் வயலில் நின்று செய்யும் சோதனையும் இதுதான். யாருடைய நாடா நீளம் என்ற போட்டி தொடங்கிவிட்டால் வகுப்பு தானாக நடக்கும்.

காய்ந்த களிமண்ணில் தண்ணீர் ஊற்றுவது

எல்லாவற்றிலும் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சோதனை பலருக்கும் தெரிந்ததுதான். மூன்று பிளாஸ்டிக் பாட்டில்களின் அடியை வெட்டி, தலைகீழாக நிறுத்தி, வாயில் துணி கட்டவேண்டும். ஒன்றில் மணல், ஒன்றில் தோட்டத்து மண், ஒன்றில் களிமண். மூன்றிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, எதில் சீக்கிரம் வடிகிறது என்று பார்க்கவேண்டும். மணலில் வேகமாகவும் களிமண்ணில் மெதுவாகவும் வடியும் என்று பாடத்தில் இருக்கும்.

ஆனால் வகுப்புக்கு வந்து சேரும் களிமண் எப்படி இருக்கிறது? காய்ந்து, இறுகி, கட்டி கட்டியாக. பாட்டிலில் போட்டால் கட்டிகளுக்கு நடுவே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதில் தண்ணீரை ஊற்றினால் அது களிமண்ணுக்குள் போவதே இல்லை. இடுக்குகள் வழியாக நேராகக் கீழே கொட்டிவிடும். மணலையே முந்திவிடும்.

ஒரு வகுப்பில் இது அப்படியே நடந்தது. களிமண் பாட்டிலில் இருந்து தண்ணீர் மடமடவென்று இறங்கியது. முன்வரிசையில் இருந்த சிறுமி, “டீச்சர், களிமண்ணுலதான் முதல்ல வந்துச்சு!” என்றாள். டீச்சருக்கு ஒரு நொடி தடுமாற்றம். அப்புறம், “இல்லம்மா, நல்லாப் பாரு, களிமண்ணுல மெதுவாத்தான் போகும்” என்று சொல்லி, அதையே பலகையில் எழுதினார். சிறுமி பாட்டிலைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். பலகையில் இருந்ததை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். களிமண்ணைப் பற்றி ஒரு வரி தப்பாகப் போயிருந்தால் அடுத்த வகுப்பில் சரிசெய்துகொள்ளலாம். கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு எழுதிப்போட்டதை நம்பவேண்டும் என்று ஒரு குழந்தை பழகிவிட்டால் அதைச் சரிசெய்வது யார்? அந்த அறையில் சரியாகப் பார்த்தது அவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் ‘இல்லை’ என்ற பதில் கிடைத்தது.

உங்கள் வகுப்பில் இப்படி நடந்தால் பதற வேண்டாம். “ஆமா, நீ சொன்னது சரிதான். ஏன் இப்படி ஆச்சு?” என்று கேளுங்கள். பாட்டிலில் இருந்து ஒரு கட்டியை எடுத்து அந்தக் குழந்தையின் கையில் கொடுத்து உடைக்கச் சொல்லுங்கள். வெளியே ஈரம் பளபளக்கும், அதுவும் மெல்லிய தோல் அளவுக்குத்தான். உள்ளே வெளுத்துப்போன காய்ந்த மண், ஊதினால் தூசி பறக்கும். “உள்ள தண்ணியே போகல” என்று குழந்தையே சொல்லிவிடும். திட்டமிட்டபடி நடந்திருந்தால் கூட இவ்வளவு நல்ல பாடம் கிடைத்திருக்காது.

ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் முதல் நாளே வேலையைத் தொடங்குங்கள். களிமண்ணை நன்றாக நொறுக்குங்கள். பாட்டிலில் போட்டுத் தண்ணீர் தெளித்து, மூடி, ஓர் இரவு ஊறவிடுங்கள். களி தண்ணீரை இழுத்து உப்பும், இடுக்குகள் மூடிக்கொள்ளும். மறுநாள் மேல்பக்கத்தை விரலால் லேசாக அழுத்திவிட்டு, மற்ற இரண்டு பாட்டில்களையும் நனைத்து வடியவிட்டு, அதற்குப் பிறகு போட்டியை வையுங்கள். தண்ணீரை மேலிருந்து சடாரென்று கவிழ்க்காமல், பாட்டிலின் ஓரமாக மெதுவாக விடுங்கள். இல்லையென்றால் விழுகிற வேகத்திலேயே குழி பறித்துக்கொண்டு ஒரு பக்கமாக இறங்கிவிடும்.

இதற்கு நேர் எதிரான சறுக்கலும் உண்டு. களிமண்ணை மாவாக இடித்து இறுக அடைத்துவிடுவார்கள். மணி அடிக்கும்வரை ஒரு சொட்டுக்கூட விழாது. ‘களிமண்ணில் தண்ணீர் போகாது’ என்று வகுப்பு முடியும். போகும். பாட்டிலை அப்படியே விட்டுவைத்து மறுநாள் காலையில் கீழே இருக்கும் டம்ளரைக் காட்டுங்கள்.

இன்னொன்று. தண்ணீர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது ஒரு கேள்வி, எவ்வளவு தண்ணீரை மண் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பது வேறொரு கேள்வி. ஒரே ஊற்றலில் இரண்டையும் காட்டப் பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம். பிடித்துவைப்பதைக் காட்டுவது என்றால் நொறுக்கிய காய்ந்த மண்ணில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மறுநாள்வரை வடியவிட்டு, கீழே விழுந்ததை அளந்து பாருங்கள். ஊற்றியதில் குறைவது எவ்வளவோ அதுதான் மண்ணிடம் தங்கியது. இதை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலைக் குலுக்கிவிட்டு அவசரப்படுவது

கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், மண் துகள்கள் பிரிய இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். நன்றாகக் குலுக்கி வைத்தால் அடுக்கடுக்காகப் படியும். இதையும் ஒரே பீரியடில் முடிக்கப் பார்க்கிறார்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டல் படியச் சில மணி நேரம் ஆகும். களி கீழே இறங்க ஒரு நாளோ இரண்டு நாளோ, சில மண்ணில் இன்னும் கூடவோ ஆகும். கலங்கிய தண்ணீரைக் காட்டி “மூணு அடுக்கு தெரியுதா?” என்று கேட்டால் குழந்தைகள் “தெரியுது” என்றுதான் கத்துவார்கள். தெரியாது.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் பாட்டிலின் மேல் மார்க்கரால் கோடு போடுங்கள். ஒரு நிமிடத்தில் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஒன்று, தண்ணீர் தெளிந்ததும் ஒன்று. பாட்டிலை யாரும் நகர்த்தாத இடத்தில் வைப்பது முக்கியம். ஒரு முறை ஆசையாகத் தூக்கிப் பார்த்தால் மொத்தமும் மறுபடி முதலில் இருந்துதான்.

பையில் விற்கும் தொட்டிக் கலவையை மண் என்று காட்டுவது

பல கலவைகளில் மண்ணே இருக்காது. தென்னை நார்த்தூளும் மட்கிய உரமும்தான்.

நல்ல மண், கெட்ட மண்

இப்படிச் சொல்லவே வேண்டாம். எதற்கு நல்லது என்று கேளுங்கள்.

முக்கோணப் படம்

மணல், வண்டல், களி ஒவ்வொன்றும் எவ்வளவு என்பதை வைத்து மண்ணை 12 வகையாகப் பிரிக்கும் முக்கோண வடிவப் படம் ஒன்று உண்டு, அது பெரியவர்களுக்கானது. இந்த வயதுக்கு மூன்று வகை போதும்.

காற்றை மறந்துவிடுவது

நல்ல மேல்மண்ணில் ஏறத்தாழ பாதி இடம் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான். காற்றும் தண்ணீரும் அங்கேதான் இருக்கின்றன. மண் என்றால் துகள் மட்டும் என்று சொல்லிக்கொடுத்தால், மண்புழு எப்படி மூச்சு விடுகிறது என்று குழந்தை கேட்கும்போது பதில் இருக்காது. தோட்டத்து மண்ணில் ஒரு காய்ந்த கட்டியைக் கண்ணாடி டம்ளரில் இருக்கும் தண்ணீருக்குள் மெதுவாக இறக்குங்கள். பக்கவாட்டில் சரம் சரமாகக் குமிழி கிளம்பும். எல்லோரையும் ஒரு நிமிடம் பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள். செடியைச் சுற்றி மண்ணை மிதிக்கக் கூடாது என்று ஏன் சொல்கிறோம் என்பதும் இங்கேயே வந்துவிடும்.

கிடைத்த இடத்தில் மண் எடுப்பது

பழைய வண்ணப்பூச்சு உதிரும் சுவர் ஓரத்து மண் வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். சின்னக் குழந்தைகள் விரலை வாயில் வைப்பார்கள். பூனை தோண்டும் இடமும் வேண்டாம். கையில் கீறல் இருக்கும் குழந்தைக்கு ஒரு கையுறை கொடுத்துவிடுங்கள்.

மிச்சத்தைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றுவது

களி குழாய்க்குள்ளேயும் படியும். வாளியில் சேர்த்து, தெளிந்த பிறகு மேல் தண்ணீரைச் செடிக்கு விட்டுவிட்டு, அடியில் தங்கிய சேற்றை எடுத்த இடத்திலேயே போடுங்கள். குலுக்கும் பாட்டிலில் சோப்புத் திரவம் கலந்திருக்கும் என்பதால் அந்தத் தண்ணீரை மட்டும் செடிக்கு விட வேண்டாம்.